ஏறும் கப்பலை விட இறங்கும் துறை முக்கியம்

கோடை விடுமுறையில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து மூன்று நான்கு இரவுகள் சொகுசுக் கப்பலிலும் போய்வரத் திட்டமிட்டிருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு,



ஏஜென்ட் அனுப்பிய விலைப்பட்டியல் இந்நேரம் உங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்திருக்கும். மேலே கப்பலின் படம். அதன் கீழே பெரிய எழுத்தில், ஒருவருக்கு இவ்வளவு, தங்கும் அறை, சாப்பாடு, கலைநிகழ்ச்சி, நீச்சல்குளம் எல்லாம் அடக்கம் என்று போட்டிருக்கும். கடைசியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும்: துறைமுகக் கட்டணம், டிப்ஸ், கரைச் சுற்றுலா தனி. இந்த மடல் அந்தப் பொடி எழுத்து வரியைப் பற்றியது. மண்டப வாடகையைப் பேசி முடித்ததும் கல்யாணச் செலவு முடிந்தது என்று யாரும் நினைப்பதில்லை. கப்பல் டிக்கெட்டும் மண்டப வாடகைதான்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எந்தக் கப்பல் பெரியது, எதில் சறுக்குமரம் அதிகம் என்று ஒப்பிடும் நேரத்தில் பாதியை, அது எந்தத் துறையில் நிற்கிறது, அங்கிருந்து ஊர் எவ்வளவு தூரம் என்று பார்க்கச் செலவிடுங்கள். எங்கே பணத்தை மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்பதை அந்தத் தூரம்தான் முடிவு செய்கிறது.

முதலில், கரைச் சுற்றுலா என்று கப்பல்காரர்கள் விற்பது என்ன என்று பார்த்துவிடுவோம். கப்பல் ஓர் ஊரில் காலையில் நின்று மாலையில் கிளம்பும். அந்த இடைவெளியில் உங்களைப் பேருந்தில் ஏற்றி நாலு இடம் காட்டிக் கூட்டிவருவதுதான் கரைச் சுற்றுலா. பேருந்து, வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் அந்த ஊர் டிராவல்ஸ்காரருடையவை. கப்பல் நிறுவனம் தன் பங்கைச் சேர்த்து விற்கிறது. விலை எப்போதும் தலைக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். தலைக்கு 70 சிங்கப்பூர் டாலர் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேர் குடும்பத்துக்கு 280. பாட்டி தாத்தாவும் சேர்ந்தால் 420. ஆனால் வாடகைக் காரோ வேனோ தலையை எண்ணுவதில்லை, வண்டிக்குத்தான் வாடகை. ஆகவே இரண்டு பேராகப் போகிறவர்களுக்குக் கப்பல் சுற்றுலா அவ்வளவாக உறுத்தாது. ஆறு பேராகப் போகிறவர்கள்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தக் கூடுதல் பணத்துக்கு ஒன்று கிடைக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கப்பல் வழியாக எடுத்த சுற்றுலாப் பேருந்து வழியில் சிக்கித் தாமதமானால், கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனால் உங்களை அடுத்த துறைக்குச் சேர்க்கும் பொறுப்பு அவர்களுடையது. நீங்களாகப் போய்த் தாமதமாக வந்தால் கப்பல் போய்விடும். விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் உங்கள் கைக்காசு. ஆக, கப்பல் சுற்றுலாவின் விலையில் ஒரு பகுதி ஊர் பார்ப்பதற்கு, மறு பகுதி திரும்பி வரும் உத்தரவாதத்துக்கு. உத்தரவாதம் தேவைப்படாத ஊரில் அதை ஏன் வாங்க வேண்டும்? தேவைப்படும் ஊரில் ஏன் வாங்காமல் விட வேண்டும்?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் குறுகிய பயணங்கள் பெரும்பாலும் மூன்று துறைகளைச் சுற்றியே அமைகின்றன. பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட். மூன்றும் மூன்று விதம்.

பினாங்கில் கப்பல் வந்து நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுன் நகரத்தின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்தால் எதிரில் விக்டோரியா ராணி நினைவு மணிக்கூண்டு. 1897-இல் ராணியின் ஆட்சிக்கு அறுபது ஆண்டு நிறைந்ததற்காக, ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரத்தில் எழுப்பியது. பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய்விடலாம். 1833-இல் தொடங்கிய கோயில் அது. மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதால் நேரம் பார்த்துப் போங்கள். சுற்றிலும் லிட்டில் இந்தியா. பூக்கடையிலும் இட்லிக்கடையிலும் தமிழிலேயே பேசி வாங்கலாம். இன்னும் கொஞ்சம் தள்ளி சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது. அதற்கு அப்பால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பினாங்கின் தொடக்க நாள்களில் வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் அடையாளங்கள் இவை. அப்படியே ஆர்மீனியன் தெருவுக்குள் நுழைந்தால், லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் 2012-இல் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து, அதில் இரண்டு பிள்ளைகள் ஓட்டிப்போவதுபோல் வரைந்த படத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு வரிசை நிற்கும். தெருவின் கடைசியில் கடற்கரைச் சாலையைத் தாண்டினால், கடலுக்குள் கம்புகளை நட்டு அதன்மேல் சீனக் குடும்பங்கள் வீடு கட்டி வாழும் சியூ துறை. அங்கிருந்து கடலோரமாகவே நடந்தால் மறுபடி உங்கள் கப்பல்.

இந்தச் சுற்று முழுவதற்கும் பேருந்து தேவையில்லை. கோட்டைக்குள் போக விரும்பினால் மட்டும் டிக்கெட். 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஒரு நகரத்தைக் காலாற நடந்தே பார்த்துவிடலாம். கால் வலித்தால் நகரின் நடுப்பகுதியைச் சுற்றிவர 'கேட்' என்ற இலவசப் பேருந்து ஓடுகிறது. பினாங்கு மலைக்கு, 1923-இல் ஓடத் தொடங்கிய மலைரயிலில் ஏறிப் போக ஆசைப்பட்டால், ஊருக்குள்ளிருந்து 204-ஆம் எண் பேருந்து அடிவாரம் வரை போகிறது. சில்லறை சரியாக வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுநர் பாக்கி தர மாட்டார். கிராப் செயலியில் கார் பிடித்தால் சில பத்து ரிங்கிட்டில் குடும்பத்தோடு போய்விடலாம். ஆனால் விடுமுறை நாளில் மலைரயிலுக்கு நீண்ட வரிசை நிற்கும்; கப்பல் ஐந்தாறு மணி நேரமே நிற்கிறது என்றால் மலையை விட்டுவிட்டு நகரத்தைப் பாருங்கள். எப்படிப் பார்த்தாலும் பினாங்கில் கப்பல் சுற்றுலா வாங்கக் காரணம் இல்லை. நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

போர்ட் கிள்ளான் இதற்கு நேர்மாறு. விளம்பரத்தில் 'கோலாலம்பூர்' என்று அச்சிட்டிருப்பார்கள். கப்பல் நிற்பதோ இண்டா தீவில், சரக்குக் கப்பல் முனையங்களுக்கு நடுவே. கோலாலம்பூர் நகரம் அங்கிருந்து சாலைவழி ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். மாலை நெரிசலில் மாட்டினால் எவ்வளவு ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. துறைக்கு வெளியே நடந்து போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. ரயில் நிலையம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது போர்ட் கிள்ளான் ஊரில் இருக்கிறது, கப்பல் முனையத்தில் இல்லை.

நம்மவர்களுக்கு அங்கே பத்துமலை பார்க்காமல் திரும்ப மனம் வராது. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, 272 படிகள். அது நகரத்துக்கும் வடக்கே, ஆகவே தூரம் இன்னும் கூடுதல். போக, வர மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டியிலேயே கழியும். படியேறி இறங்க ஒரு மணி நேரம், இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் படம் எடுக்க அரை மணி நேரம், சாப்பாடு ஒரு மணி நேரம். கப்பல் எட்டு மணி நேரம் நின்றால் இது இழுத்துப் பிடித்து முடியும் கணக்கு. இங்கேதான் கப்பல் சுற்றுலாவை வாங்குங்கள் என்கிறேன். தாமதத்துக்கு இடமில்லாத இடத்தில் உத்தரவாதத்துக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

பத்துமலையை முன்பே பார்த்தவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. கோலாலம்பூர் வரை போகாமல் கிள்ளான் நகரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெங்கு கிளானா சாலையில் இருக்கும் லிட்டில் இந்தியாவில் புடவைக்கடை, நகைக்கடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. அதே ஊரில் பெரிய சுந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. பாதித் தூரம்கூட இல்லை என்பதால் வாடகைக் கார் போதும்; ஆனால் திரும்பி வரவும் அதே காரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத் தீவுக்குத் திரும்ப வண்டி கிடைக்காமல் செயலியைப் பார்த்துக்கொண்டு நிற்பது பதற்றமான வேலை.

புக்கெட் மூன்றாவது விதம். பல கப்பல்கள் பாதோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கு டெண்டர் எனப்படும் சிறு படகில் போக வேண்டும். அதற்கு எண் போட்ட சீட்டு வாங்கி, கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கப்பலில் சுற்றுலா வாங்கியவர்களைத்தான் முதல் படகுகளில் இறக்குவார்கள். 'கப்பல் எட்டு மணிக்கு வருகிறது, ஒன்பது மணிக்குப் பீபீ தீவுப் படகு' என்று வெளியில் பதிவு செய்தால், ஒன்பது மணிக்கு நீங்கள் கப்பலிலேயே சீட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்கள். பீபீ தீவுக்கான வேகப்படகுகள் புக்கெட்டின் கிழக்குக் கரையிலிருந்து கிளம்புகின்றன; பாதோங் இருப்பது மேற்குக் கரை. மலைச்சாலை தாண்டிப் போக வேண்டும். இவ்வளவையும் மீறி ஒருநாளில் தீவு பார்த்தே தீர வேண்டும் என்றால் கப்பல் வழியாகவே போங்கள். இல்லையென்றால் தீவை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொண்டு, பாதோங் கரையில் இறங்கிப் பிள்ளைகளை மணலில் விளையாட விடுங்கள், அல்லது பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பழைய புக்கெட் நகரத்துக்குப் போய்த் தலாங் சாலையின் வண்ண வீடுகளைப் பார்த்து வாருங்கள். துக்-துக் ஏறும் முன்பே வாடகையைப் பேசி முடித்துவிடுங்கள், அங்கே மீட்டர் போட மாட்டார்கள்.

நம் பள்ளி விடுமுறைக்கும் புக்கெட்டின் பருவநிலைக்கும் ஒரு முரண் இருக்கிறது. மே மாதம் தொடங்கினால் அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும். அக்டோபர் வரை பாதோங்கில் சிவப்புக் கொடி பறக்கும் நாள்கள் நிறைய. அலை உயர்ந்தால் டெண்டர் படகை இறக்க முடியாது. கப்பல் அந்த ஊரையே விட்டுவிட்டுப் போகவும் செய்யும். அப்படிப் போனால் கப்பலில் வாங்கிய சுற்றுலாவுக்குப் பணம் திரும்ப வந்துவிடும். வெளியில் கட்டிய பணம் வருமா என்பது நீங்கள் யாரிடம், என்ன நிபந்தனையில் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. 'கப்பல் வராவிட்டால் முழுப் பணம் திருப்பித் தரப்படும்' என்று எழுத்தில் தராதவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம். முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஆடும் படகில் காலை எடுத்து வைத்து ஏற வேண்டும், சக்கர நாற்காலியை அனுமதிக்காமல் போகலாம்.

புக்கெட்டில் மிகுந்த கவனம் தேவைப்படுவது கடிகாரத்துக்கு. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம்; தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். பல கப்பல்கள் சிங்கப்பூர் நேரத்தையே கடைசிவரை வைத்துக்கொள்கின்றன. ஆனால் உங்கள் கைப்பேசி கரையில் கால் வைத்ததும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். 'ஐந்து மணிக்குள் திரும்புங்கள்' என்று கப்பல் சொல்லியிருக்க, கைப்பேசியில் நாலரை என்று பார்த்து நீங்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தால், கப்பலில் அப்போது மணி ஐந்தரை. கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்து, அதை மட்டும் பாருங்கள். கப்பலில் தினமும் அறைக்கு வரும் தாளில் அல்லது அவர்களின் செயலியில் திரும்ப வேண்டிய நேரமும் அந்தத் துறையின் ஏஜென்ட் தொலைபேசி எண்ணும் இருக்கும். இறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பலே வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் அதன் நகலும் பையில் இருக்கட்டும்.

சொந்தமாக வண்டி பேசுகிறவர்கள் கப்பல் சொல்லும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைக்குத் திரும்புவதுபோல் திட்டமிடுங்கள். தூரமான இடத்துக்கு முதலில் போய்விட்டு, துறைக்குப் பக்கத்தில் இருப்பதைக் கடைசியில் பாருங்கள். கப்பல் சுற்றுலா வாங்குகிறவர்கள் அதன் விவரத்தை வரிவரியாகப் படியுங்கள். 'பனோரமிக்' என்று இருந்தால் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான் அதிகம், இறங்குவது குறைவு. 'உள்ளூர்க் கைவினைக் கடை' என்று இருந்தால் முக்கால் மணி நேரம் கடையில் போகும். நுழைவுக் கட்டணமும் மதியச் சாப்பாடும் சேர்த்தியா, சைவம் கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள்.

கப்பலுக்குள் காசு கசியும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் உள்ள விலை ஓர் அறையில் இருவர் தங்குவதற்கானது. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைவாக இருக்கும், ஆனால் துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் அவர்களுக்கும் முழுதாக உண்டு. டிப்ஸ் என்பது நாமாகக் கொடுப்பதில்லை. தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏறிவிடும். நாளுக்கு 18 டாலர் என்றால் நால்வருக்கு மூன்று நாளைக்கு 216 டாலர். அதை முதலிலேயே பயணச் செலவில் சேர்த்துவிடுங்கள். ஜன்னல் இல்லாத உள்ளறை விலை குறைவு. தூங்க மட்டும் அறைக்குப் போகிறவர்களுக்கு அது போதும். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு, பஃபேயில் குடிநீர் இலவசம். புகைப்படக்காரர் எடுக்கும் படத்தை வாங்கியாக வேண்டிய கட்டாயம் இல்லை. கடலில் கைப்பேசியை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் போட்ட ரோமிங் பேக் நாடுகளுக்குத்தான், நடுக்கடலுக்குச் செல்லாது. கரையில் கடையில் அட்டை தேய்க்கும்போது 'இந்திய ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா' என்று கேட்டால் உள்ளூர்ப் பணம் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள்.

பெட்டியில் எலெக்ட்ரிக் கெட்டிலும் இஸ்திரிப்பெட்டியும் வைக்காதீர்கள். ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டு, பயணம் முடிந்த பிறகுதான் தருவார்கள். பஃபேயிலிருந்து பழமும் சாப்பாடும் கரைக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து கொண்டுபோன பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் போதும்.

தாள் வேலைகளையும் கவனியுங்கள். சிங்கப்பூரை விட்டுப் போய்க் கப்பலில் மறுபடி அங்கேதான் நுழைகிறீர்கள். விசா இரண்டாம் முறை நுழைய இடம் தருகிறதா என்று பாருங்கள். மலேசியாவும் தாய்லாந்தும் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை வைத்திருக்கின்றன. அரசுத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் இடைத்தரகருடையது. இந்தியாவில் பேக்கேஜாகப் பணம் கட்டினால் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர் பெயரில் கட்டுங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. பயணக் காப்பீட்டில் பிடிக்காதீர்கள். எடுக்கும்போது அது கப்பல் பயணத்துக்கும் செல்லுமா என்று கேட்டு எடுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் கட்டணம் டாலரில். டிப்ஸை நீக்கச் சொல்லி வரவேற்பு மேசையில் வாதாடாதீர்கள்; அறையைக் கூட்டுகிறவரும் தட்டெடுக்கிறவரும் மாதக்கணக்கில் வீட்டை விட்டு வந்து உழைப்பவர்கள், நம் ஊர்க்காரர்களும் அவர்களில் இருப்பார்கள். பெரியவர்களை 'காசு கட்டிவிட்டோமே' என்று எல்லாத் துறையிலும் இறக்கி அலைக்கழிக்காதீர்கள். ஊரெல்லாம் இறங்கிப் போன பிறகு கப்பலில் நீச்சல்குளமும் பஃபேயும் காலியாக இருக்கும். அவர்களுக்கு அது சுகமான நாள்.

முன்பணம் கட்டும் முன் உங்கள் ஏஜென்டிடம் நாலு கேள்வி கேளுங்கள். கப்பல் எந்தத் துறைமேடையில் நிற்கிறது, அல்லது கடலில் நங்கூரமா? எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, அது எந்த நாட்டு நேரம்? துறைமுகக் கட்டணம், டிப்ஸ், வரி எல்லாம் சேர்த்து எங்கள் குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு? ஓர் ஊர் ரத்தானால் எது திரும்ப வரும்? நாலுக்கும் எழுத்தில் பதில் தருகிறவரிடம் பணத்தைக் கட்டுங்கள். தராமல், 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்கிறவரை விட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

பயணம் நல்லபடியாக அமையட்டும்.

அன்புடன்,
ஊர் சுற்றும் ஆசையும் கணக்கு நோட்டும் கொண்ட உங்களில் ஒருவன்